ஆஜர் சாரின் முதல் லீவு லெட்டர்

தண்ணீர் மீட்டர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பெரிய பீரோவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மேனேஜரிலிருந்து வாசல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ஆஜர் சார்தான். வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் முடிய இன்னும் பதினாறு நாள் பாக்கி. இத்தனை காலத்தில் ஒருநாள் அவர் லீவு போட்டதில்லை.

இதில் வேடிக்கை, லீவு பிரிவே அவருடையதுதான். அடுத்தவர் போடும் லீவையெல்லாம் வாங்கி, படித்து, சரிபார்த்து, ரிஜிஸ்டரில் ஏற்றுவது அவர் வேலை. அந்த ரிஜிஸ்டரில் ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் பெயர்கள், மேலே தேதிகள், நடுவில் சின்னச் சின்னக் கட்டங்கள். லீவு எடுத்தவரின் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. ஒவ்வொரு பக்கத்திலும் எறும்பு மொய்த்த மாதிரி சிவப்புக் குறிகள் இருக்க, ஒரே ஒரு வரிசை மட்டும் துடைத்துவிட்டதுபோல் வெள்ளையாக ஓடும். மற்றவர்கள் சட்டைப்பையில் பிள்ளைகளின் போட்டோவை எடுத்துப் பார்ப்பதுபோல, சாப்பாட்டு வேளையில் ஆஜர் சார் அந்த வரிசையைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டார். மகள் பிறந்தது ஒரு அரசு விடுமுறை நாளில். அதற்காக மனைவிக்கு இன்றும் நன்றி சொல்வதுண்டு. மனைவிக்கு அந்த நன்றி மட்டும் பிடிப்பதேயில்லை. கால் சுளுக்கியபோது ஒற்றைக் காலில் மாடிப்படி ஏறி வந்தார். சளி, இருமல், காய்ச்சல் இவற்றை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

"சளிக்கெல்லாம் இடம் குடுக்கக் கூடாது. உக்காந்து வேலையைப் பார்த்தா அது தானா ஓடிடும்" என்பார்.

ஓடத்தான் செய்தது. எங்கே ஓடியது என்று அவர் பார்த்ததில்லை.

லீவு லெட்டர் விஷயத்தில் அவர் படு கறார். "உடல்நிலை சரியில்லாததால்" என்று யாராவது எழுதிக்கொடுத்தால், "எந்த உடல்நிலை? காரணம் தெளிவாக இல்லை" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். வயிற்றுப்போக்கு என்று எழுதக் கூச்சப்பட்டு லீவே போடாமல் வந்து அவதிப்பட்டவர்களும் உண்டு. இந்தக் கறாருக்கு நடுவே கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைத்துப் பக்கத்தைத் திருப்புவார். ஒரு லெட்டருக்கு ஒரு நக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு நக்கு. முப்பது வருஷத்தில் அந்த விரல் ரேகை தேய்ந்துபோய், வங்கியில் கைநாட்டு எந்திரம் அவரை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

அவருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், தபால் அக்காவின் மேசை. அலுவலகத்துக்குள் வரும் தாளும் வெளியே போகும் தாளும் அந்த அக்கா கையால் எண் வாங்கி, சீல் வாங்கித்தான் நகரும். 'தொம்' என்று ஓங்கி சீல் குத்துவார். தபால்தலை நனைக்க ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரப்பஞ்சு வைத்திருப்பார். அதை ஆஜர் சார் பக்கம் தள்ளிவிட்டு, "இதுல தொட்டுக்கலாமே சார்" என்று பத்து வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"நாக்கு இருக்கறப்ப பஞ்சு எதுக்கும்மா?"

பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எழுதத் தபால் அக்காவுக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. முதல் தடவை, தேர்வுக்கு முதல் நாள் காய்ச்சலில் படுத்தார். அடுத்த வருஷமும் அதே கதை. இப்போது மூன்றாவது, கடைசி. வருகிற திங்கட்கிழமை தேர்வு. விட்டால், ஓய்வு பெறும் வரை 'தொம்' தான். எட்டு மாதமாக பஸ்ஸில் படித்தார், சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தார், மகள் கேள்வி கேட்கக் கேட்கத் துணி துவைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

அந்த வருஷம் ஃப்ளூ சீசன் ஆரம்பித்ததுமே அக்கா உஷாராகிவிட்டார். முகக்கவசம் போட்டார். பக்கத்து ஜன்னலைத் திறந்து, மறுபடி மூட முடியாதபடி கம்பி வைத்துக் கட்டினார். பீரோவிலிருந்து ஜன்னல் வரை கயிறு கட்டி, மீன் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பின் மேசை வரைபடக்காரர் எட்டிப் பார்த்தார். "தொட்டிக்குள்ள எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மீனுக்குச் சளி பிடிக்காதாமே."

மேனேஜரும் தன் பங்குக்குச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து அரைமணி நேரம் பேசவைத்தார். இருமினால் முழங்கை மடிப்பில் இருமுங்கள், இருபது எண்ணும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சுவரொட்டியையும் கொடுத்துப் போனார். ஏற்பாடெல்லாம் ஆஜர் சார்தான். நர்ஸ் கொண்டுவந்த துண்டுப்பிரசுரங்களைக்கூட அவரே ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, விரலை நக்கி, ஒன்று ஒன்றாகப் பிரித்து.

சுவரொட்டியை ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினார். ஆனால் ஒட்டி முடித்தபோது அதன் கடைசி வரி மட்டும் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

"கொஞ்சம் மேல ஒட்டியிருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"மேல ஈரம் சார்."

"இந்தப் பக்கம்?"

"ஆணி சார்."

கடைசி வரியில் இருந்தது இதுதான்: 'காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே இருங்கள். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளாவது ஆன பிறகே வேலைக்கு வாருங்கள்.'

*

வியாழக்கிழமை காலையில் ஆஜர் சார் கண் விழித்தபோது தொண்டையில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. எழுந்து சட்டையை மாட்டினார். பட்டன் ஒரு துளை தள்ளிப் போனது.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாக வந்து, ஊசியை எடுத்துவிட்டுப் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தார். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"கொதிக்குது. பேசாம போய்ப் படுங்க."

"இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு."

"எதுக்கு? உலகம் அழியறதுக்கா?"

"முப்பது வருஷத்துக்கு. மேனேஜர் சுவர்க் கடிகாரம் சொல்லி வெச்சிருக்காரு. என் பேர் போட்டு."

"அந்தக் கடிகாரத்தை நான் வாங்கித் தர்றேன். ரெண்டா வாங்கித் தர்றேன். ஒண்ணை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டுப் படுங்க."

"வாங்கினா அது வெறும் கடிகாரம். குடுத்தாத்தான் பரிசு."

"சரி போங்க. போய் அத்தனை பேருக்கும் குடுத்துட்டு வாங்க. கடிகாரத்தைச் சொல்லலை."

ஆஜர் சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலைத் தாண்டுவதுதான் அவருக்குப் பெரிய கவலை. அலுவலக வாசலில் வாட்ச்மேன் கையில் புதிதாக ஒரு துப்பாக்கி முளைத்திருந்தது. நெற்றிக்கு நேராகப் பிடித்துக் குதிரையை அழுத்தினால் உடம்புச் சூட்டைச் சொல்லும். முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் காட்டினால் உள்ளே விடக் கூடாது.

வழியில் கடையில் ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீர் வாங்கி, நெற்றியில் அழுத்திக்கொண்டே மூன்று தெரு நடந்தார். கைக்குட்டையையும் அதில் நனைத்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி, நெற்றியை நீட்டினார்.

வாட்ச்மேன் அழுத்தினான். பார்த்தான். துப்பாக்கியைத் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினான்.

"சார், முப்பத்தொண்ணு காட்டுது."

"நல்லதுதானே? கம்மியா இருந்தா நல்லது."

"ரொம்ப நல்லா இருக்கீங்க சார். முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா ஆள் தேறாதுன்னு மேனேஜர் சொன்னாரு."

"நான் பேசிட்டு நிக்கறேனேப்பா."

"அதான் சார் எனக்கும் குழப்பமா இருக்கு." வாட்ச்மேன் சட்டைப்பையிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்து, விரலால் ஓட்டிப் படித்தான். "முப்பத்தெட்டுக்கு மேல இருந்தா விடக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருக்கு. செத்தவங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை. போங்க சார்."

பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது ஆஜர் சாருக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. காய்ச்சலும் அதற்கு ஒரு காரணம்.

முதல் தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினார். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. இரண்டாவது வந்தபோது ஓடிப்போய்ப் பழைய ஃபைல்கள் இருக்கும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மூன்று முறை இடி இடித்தது.

"என்ன சார் சத்தம்?" என்றார் வரைபடக்காரர்.

"பைப்புல காத்து" என்றார் ஆஜர் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் பைப்பில் காற்று என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

மீன் திரைக்குப் பின்னாலிருந்து தபால் அக்காவின் குரல் வந்தது. "சார், ஒரு உதவி. போன ரெண்டு தடவை தேர்வுக்கு நான் ஏன் வரலைன்னு அத்தாட்சி கேக்கறாங்க. லீவு ரிஜிஸ்டர்ல அந்த ரெண்டு மாசத்தையும் நகல் எடுத்துத் தரணும். இன்னிக்குள்ள போகலைன்னா திங்கக்கிழமை ஹால்ல விட மாட்டாங்க."

"இதோ தர்றேன்மா." குரல் தவளைபோல் வந்தது. நல்லவேளை, அவர் எப்போதும் கொஞ்சம் அப்படித்தான் பேசுவார்.

பீரோவைத் திறந்து, பழைய ரிஜிஸ்டர்கள் இரண்டையும் எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, விரலை நக்கி, பக்கத்தைத் திருப்பினார். போன வருஷம், அதே மாதம். தபால் அக்காவின் வரிசையில் ஐந்து சிவப்புக் குறிகள். காரணம், காய்ச்சல். அதற்கு இரண்டு நாள் முந்தி, வரைபடக்காரரின் வரிசையில் நான்கு. அதே நாளில் டைப்பிஸ்டுக்கு நான்கு. அக்காவுக்கு மறுநாள் டீ கொண்டுவரும் அம்மாவுக்கு மூன்று. அதன் பிறகு மேனேஜருக்கு ஆறு.

அதற்கு முந்தைய வருஷத்தைத் திறந்தார். வரைபடக்காரர். டைப்பிஸ்ட். தபால் அக்கா. டீ அம்மா. மேனேஜர்.

வரிசை என்றால் ஆஜர் சாருக்கு உயிர். ஒரே மாதிரி இரண்டு வரிசையைப் பார்த்ததும் காய்ச்சலையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பீரோவிலிருந்து இன்னும் நாலு வருஷத்தை இறக்கினார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, அலுவலகத்து மேசைகளை எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவரவர் படுத்த தேதியை எழுதினார். பக்கத்து மேசைகளில் முதல் தேதிகள். அதைச் சுற்றி அடுத்த தேதிகள். கடைசியில் மேனேஜர் அறை. கிணற்றில் கல் போட்டால் வளையம் வளையமாக விரியுமே, அச்சு அசல் அப்படியே இருந்தது.

வளையத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு கட்டம் காலியாக, வெள்ளையாக இருந்தது. அவருடையது.

முதல் ஐந்து விநாடி ஆஜர் சாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே விழுந்தபோதும் நான் விழவில்லை பார் என்று நினைத்தார். ஆறாவது விநாடியில்தான் கல் எங்கே விழுந்திருக்கிறது என்பது உறைத்தது. போன வருஷம் அந்த வாரத்தில் தனக்கு ஒரு சளி வந்ததும், உட்கார்ந்து வேலை பார்த்ததில் அது ஓடிப்போனதும் ஞாபகம் வந்தன. அதற்கு முந்தைய வருஷமும் ஓடியிருந்தது.

மெல்ல நிமிர்ந்து பார்த்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், மீன்களுக்குப் பின்னால், தபால் அக்கா உதடு அசையப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஜர் சார் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தார். கதவு வரை பின்பக்கமாகவே நடந்தார். அங்கே நின்று, முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்: "ஏம்மா, அந்த நகலை மேனேஜரையே எழுதச் சொல்லும்மா. அவர் எழுதின கையோட சோப்புப் போட்டுக் கழுவட்டும். நீ ரிஜிஸ்டரைத் தொடாதே. என் மேசைப் பக்கம் யாரும் போகாதீங்க."

சொன்னவர், படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டார்.

*

தெருவுக்கு வந்த பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. அவரே மனப்பாடமாகச் சொல்லும் விதி. கையெழுத்துப் போட்ட பிறகு வெளியேறுபவர், பதினோரு மணிக்குள் லீவு லெட்டர் கொடுத்து எண்ணும் சீலும் வாங்கிவிட்டால் அது லீவு. இல்லையென்றால் 'அனுமதியின்றி வெளியேறியவர்'. முப்பது வருஷத்தில் அந்தப் பட்டத்தை அவர் இரண்டு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

மணி பத்து நாற்பது.

அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு செருப்புத் தைப்பவர் கடை போட்டிருந்தார். அவரிடம் பலகையை இரவல் வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்து, ஆஜர் சார் வாழ்க்கையின் முதல் லீவு லெட்டரை எழுத ஆரம்பித்தார். 'அனுப்புநர்' என்று எழுதியதும் மூக்கு குறுகுறுத்தது. முழங்கையைத் தூக்குவதற்குள், முகக்கவசத்தையும் மீறி, தும்மல் நேராக 'பெறுநர்' மேல் போய் விழுந்தது.

செருப்புத் தைப்பவர் தன் பெட்டியோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். "இன்னொரு தாள் வேணும் உங்களுக்கு" என்றார்.

இன்னொரு தாள் என்ன, எந்தத் தாளானாலும் அது நேராகப் போய்ச் சேருவது தபால் அக்கா கைக்குத்தான். ஆஜர் சாருக்குத் தலை சுற்றியது. நிமிர்ந்து பார்த்தார். கம்பி வைத்துக் கட்டிய ஜன்னல் 'ஆ'வென்று திறந்துகிடந்தது.

"ஏம்மா! தபாலம்மா!"

மீன் திரை விலகி, முகக்கவசம் போட்ட முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "என்ன சார் ஆச்சு? எங்க போனீங்க?"

"எனக்குக் காய்ச்சல்மா! லீவு லெட்டர் சொல்றேன், நீயே எழுதிக்கோ! அனுப்புநர்—"

"உங்களைத் தெரியாதா சார்? விஷயத்துக்கு வாங்க!"

"அனுப்புநர் இல்லாம லெட்டர் ஏதும்மா? அனுப்புநர், கமா போடு. பெறுநர், மேனேஜர் அவர்கள். பொருள், விடுப்பு கோருதல் தொடர்பாக."

"தொடர்பாகன்னு எதுக்குங்க?" என்றார் செருப்புத் தைப்பவர். "லீவு குடுங்கன்னு கேட்டாக் குடுக்க மாட்டாங்களா?"

"தொடர்பாக இருக்கணும்!"

சத்தம் கேட்டு ஜன்னலில் வரைபடக்காரர் தலை முளைத்தது. டைப்பிஸ்ட் தலை முளைத்தது. கீழே பழ வண்டிக்காரியும் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அய்யா, எனக்கு உடல்நிலை சரியில்லாததால்—" என்று தொடங்கினார் ஆஜர் சார்.

மேலே மூன்று தலையும் ஒரே குரலில் கத்தின: "எந்த உடல்நிலை? காரணம் தெளிவாக இல்லை!"

ஆஜர் சார் எச்சில் விழுங்கினார். வலித்தது. "காய்ச்சல், தொண்டை வலி, தும்மல்!"

"எத்தனை டிகிரி?"

"முப்பத்தொண்ணு!" என்று வாசலிலிருந்து வாட்ச்மேன் உதவிக்கு வந்தான்.

"எப்ப ஆரம்பிச்சது சார்?"

"இன்னிக்குக் காலைல!"

"அப்புறம் எதுக்கு சார் ஆபீஸ் வந்தீங்க?" என்றார் தபால் அக்கா.

பழ வண்டிக்காரிகூடப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அதை எழுத வேண்டாம்மா" என்றார் ஆஜர் சார்.

"எழுதிட்டேன் சார். எத்தனை நாள் லீவு?"

எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சலுக்கு லீவு எடுத்துப் பழக்கமில்லை. "நர்ஸ் ஏதோ சொல்லிச்சே, சுவரொட்டில பாருங்க!"

"கடைசி வரியா? பீரோ மறைக்குது சார்!"

"தள்ளுங்க!"

மேலே கறகறவென்று பீரோ நகரும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தபால் அக்கா ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, நீதிமன்றத் தீர்ப்பு வாசிப்பதுபோல், காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் அந்த வரியை வாசித்தார். செருப்புத் தைப்பவர் ஆஜர் சாரைப் பார்த்தார். பழ வண்டிக்காரி ஆஜர் சாரைப் பார்த்தாள். ஆஜர் சார் செருப்புகளைப் பார்த்தார்.

"அஞ்சு நாள் போட்டுக்கோம்மா" என்றார்.

மேனேஜரின் தலையும் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. "எல்லாம் சரி. கையெழுத்து?"

மணி பத்து ஐம்பத்தைந்து. கையெழுத்து இல்லாத லெட்டர்களை ஆஜர் சார் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பது அந்த ஜன்னலில் நின்ற நால்வருக்கும் தெரியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்புத் தைப்பவரின் பெட்டியில் தோலில் அளவு குறிக்கும் சாக்குக்கட்டி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நடைபாதையில் குனிந்து, ஆறடி நீளத்துக்குத் தன் கையெழுத்தைப் போட்டார். கடைசியில் போடும் இரண்டு புள்ளிகளையும் மறக்காமல் வைத்தார். அதற்காக ஒரு நாயை எழுப்ப வேண்டியிருந்தது.

மேனேஜர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் நடைபாதையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துப் போகுது. நான் சான்று குடுக்கறேன்."

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மேலே 'தொம்' என்று சத்தம் கேட்டது. அத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து கேட்ட சத்தம்தான். கீழேயிருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"சார்!" என்றார் தபால் அக்கா, குரலைத் தாழ்த்தி. ஆனாலும் தெருவுக்கே கேட்டது. "வீட்டுக்குப் போங்க சார். நான் நல்லா எழுதுவேன்."

சாக்குக்கட்டியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார் ஆஜர் சார். "நீங்களே வெச்சுக்கோங்க" என்றார் செருப்புத் தைப்பவர்.

*

வீட்டில் மனைவி அவரைப் பின்னறையில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, தட்டையும் தண்ணீரையும் வாசலில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். தன் கணவர் ஒரு வியாழக்கிழமை பகலில் எப்படி இருப்பார் என்பதை அவர் முதன்முதலாகப் பார்த்தார். ஒன்றும் பிரமாதமாக இல்லை.

காய்ச்சல் சனிக்கிழமை இரவு விட்டது. மேலும் ஒரு நாள், அதற்கு மேலும் ஒரு நாள் என்று இருமல் அடங்கும்வரை படுத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மனைவி எட்டிப் பார்த்தபோது, மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லை. பத்து மணிக்குத் தேர்வு ஆரம்பிக்குது."

"உங்களுக்கா?"

"எனக்கும்தான்" என்றார் ஆஜர் சார். மதியம் ஒரு மணிக்குத்தான் சட்டையைக் கழற்றினார்.

புதன்கிழமை வேலைக்கு வந்தார். வாட்ச்மேன் துப்பாக்கியைப் பிடித்து, "முப்பத்தாறரை. உயிர் வந்துருச்சு சார்" என்றான்.

மாடியில் வரைபடக்காரர் இருந்தார், டைப்பிஸ்ட் இருந்தார், டீ அம்மா டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மீன் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. போன வியாழக்கிழமை அந்த நாற்பது நிமிடம் போதுமாயிருந்திருக்குமோ? அதற்கு முந்தின நாளே தனக்கு ஆரம்பித்திருந்ததோ?

"எங்கப்பா, அந்த அம்மா எங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் தபால் அக்கா கை இரண்டையும் உதறிக்கொண்டே உள்ளே வந்தார். "கை கழுவப் போனேன் சார். இருபது எண்ண வேண்டாமா?"

ஆஜர் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எழுதினியாம்மா?"

"மூணு மணி நேரம் சார். ஒரு கேள்வி விடலை. எனக்கு முன்னாடி இருந்தவர்தான் ஒரே இருமல். அவர் ஆபீஸ்லயும் ஒரு ஆஜர் சார் இருப்பார்போல."

வரைபடக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஆஜர் சாருக்குக் காது சிவந்தது.

ரிஜிஸ்டரை எடுத்து அந்த மாதத்தைத் திறந்தார். ஃப்ளூ மாதத்தின் பக்கம் அப்படி ஒரு வெள்ளையாக இருந்து அவர் பார்த்ததேயில்லை. யார் வரிசையிலும் ஒரு குறியில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பது வருஷம் ஒன்றும் விழாத தன் வரிசையில் ஐந்து பெருக்கல் குறிகளைப் போட்டார். முதல் குறி கொஞ்சம் கோணலாகிவிட்டது. மற்ற நாலும் நன்றாக வந்தன.

இனி லெட்டரைச் சரிபார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். பக்கத்தைத் திருப்பக் கட்டைவிரல் தானாக முகக்கவசத்தை நோக்கிப் போயிற்று. மீன் திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு ஈரப்பஞ்சுக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளியது. ஆஜர் சார் பஞ்சைத் தொட்டுத் திருப்பினார்.

லெட்டர் தபால் அக்காவின் கையெழுத்தில் இருந்தது. அனுப்புநர் சரி. பெறுநர் சரி. தொடர்பாக இருந்தது. காரணம் தெளிவாக இருந்தது. அடுத்த வரியில் அவர் பேனா நின்றது: 'காய்ச்சல் காலையிலேயே ஆரம்பித்தும் அலுவலகம் வந்தேன்.' ஏன் என்று எழுதவில்லை. யார் கொடுத்திருந்தாலும் இதை அவர் அப்படியே விட்டிருக்க மாட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'ஏன் வந்தீர்கள்? விளக்கம் தேவை.' லெட்டரை மடித்துத் தனக்கே திருப்பி அனுப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு நீல மையில், அதன் கீழே, ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு புள்ளியும் வைத்து, திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

தபால் அக்கா வாங்கிப் படித்தார்.

'கடிகாரத்துக்காக.'

எண் போட்டு, ஓங்கி 'தொம்' என்று ஒரு குத்துக் குத்தி, மேனேஜர் தட்டில் வைத்துவிட்டு, மறுபடியும் கை கழுவப் போனார்.